காலி இருக்கைக்கு யார் பணம் கொடுப்பது? (வாசகர் கேள்வி பதில்)

குடியிருப்பிலிருந்து ரயில் நிலையத்துக்கும், ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் நாமே வண்டி விடுவது பற்றி இந்த முறை பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு குடியிருப்போர் சங்கத்தில் நான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்து, இப்படி ஒரு வேனைத் தொடங்கி, பணம் தீர்ந்து நிறுத்தி, ஓர் ஆண்டு கழித்து மறுபடியும் ஓட்டிய அனுபவம் எனக்கு உண்டு. பதில்களில் அந்த வேன் அடிக்கடி வந்துபோகும், பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு மாடம்பாக்கத்தில் உள்ளது. 300 வீடுகள். தாம்பரம் ரயில் நிலையம் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். சங்கமே ஒரு வேன் வாங்கி ஓட்டலாம் என்று செயற்குழுவில் ஒரு சாராரும், வாடகைக்கு எடுத்தால் போதும் என்று மறு சாராரும் சொல்கிறார்கள். ஏறுபவரிடம் பயணத்துக்கு 20 ரூபாய் வாங்கினால் செலவு தானாகவே ஈடாகிவிடும் என்பது இரு சாராருக்கும் பொதுவான எண்ணம். தங்கள் கருத்து என்ன? (சங்கச் செயலாளர், மாடம்பாக்கம்)

பதில்: இரு சாராரும் ஒத்துப்போகும் அந்த இடத்தில்தான் தவறு இருக்கிறது. எனவே 20 ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஆறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கட்டணம் பெறும் வண்டியை ‘ஸ்டேஜ் கேரியேஜ்’ என்கிறது. அதாவது, சட்டத்தின் பார்வையில் அது பேருந்து. அதற்குத் தடமும், தடத்துக்கான பெர்மிட்டும், அரசு நிர்ணயிக்கும் கட்டணமும் வேண்டும். அதற்கு மாறாக, முழு வண்டியையும் ஒருவர் ஒப்பந்தம் பேசி, நேரக் கணக்கிலோ, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு என்ற கணக்கிலோ ஒரு தொகைக்கு எடுத்துக்கொண்டால் அது ‘காண்ட்ராக்ட் கேரியேஜ்’. இந்த இரண்டாவது வகையில், ஒப்பந்தத்தில் சேராத ஆளை வழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று அந்த விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எனவே ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் கை காட்டும் ஒருவரை உங்கள் டிரைவர் இரக்கப்பட்டு ஏற்றி 20 ரூபாய் வாங்கினால், அந்த நொடியில் உங்கள் வண்டி பெர்மிட் இல்லாத பேருந்தாகிவிடுகிறது. பெர்மிட் இன்றியோ அதன் நிபந்தனையை மீறியோ ஓட்டினால் 192ஏ பிரிவின்படி முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதமும், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்க இடமுண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நேர்ந்தால்தான் உண்மையான இடி. பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி மோதிய வழக்கொன்றில், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்திருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் சங்கத்தின் பெயர் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதனால்தான் சங்கம் வண்டி வாங்க வேண்டாம் என்கிறேன். முறையான பெர்மிட் வைத்திருக்கும் வேன்காரர் ஒருவரிடம் மாத ஒப்பந்தம் போடுங்கள். ஒப்பந்தம் சங்கத்துக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். பயணம் செய்யும் உறுப்பினர்களின் பட்டியல் அதன் இணைப்பாக வண்டியிலேயே இருக்கட்டும். வண்டிக்குள் ஒரு ரூபாய்கூடக் கைமாற வேண்டாம். கையெழுத்திடும் முன் பெர்மிட், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, காப்பீடு, வரிச் சீட்டு, புகைச் சான்று ஆகிய ஐந்தையும் அசலாகப் பாருங்கள். எட்டு ஆண்டுகளைத் தாண்டிய வண்டி என்றால் எஃப்.சி. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். டிரைவரிடம் ‘பேட்ஜ்’ (வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி) இல்லை என்று யாராவது ஆட்சேபித்தால் கலங்க வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியைச் சாதாரண இலகு ரக ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. இருபது இருக்கை வேன்கள் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கும்.

இனி பணம். வேன்காரர் கேட்கும் மாதத் தொகையும் இந்தச் செலவுகளிலிருந்துதான் வரும் என்பதால், முதலில் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். தொகைகள் நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் 6.15, 7.00, 7.45, 8.30 என நான்கு நடை. மாலையில் நான்கு நடை. போக வர 14 கிலோமீட்டர் என்றால் எட்டு நடைக்கு 112. வண்டி ஷெட்டிலிருந்து ஆளில்லாமல் வந்து போவதற்கு எட்டு. ஆக நாளுக்கு 120 கிலோமீட்டர், 25 நாளுக்கு 3,000 கிலோமீட்டர். கேம்ப் ரோடு நெரிசலில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கிடைத்தால் 333 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் டீசல் 30,700 ரூபாய். வண்டிக்கான மாதத் தவணை அல்லது அதற்கு ஈடான வாடகை 45,000. டிரைவர்கள் இருவருக்கு 28,000. காப்பீடு, வரி, எஃப்.சி. ஆகியவற்றை மாதக் கணக்கில் பிரித்தால் 9,000. டயர், சர்வீஸ் 8,000. வண்டி படுத்துக்கொள்ளும் நாளில் மாற்று வண்டிக்கு 5,000. மொத்தம் ஏறத்தாழ 1,26,000 ரூபாய்.

டிரைவர் ஏன் இருவர் என்று உங்கள் செயற்குழுவில் நிச்சயம் கேட்பார்கள். காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கும் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு வண்டியை விடுகிறார் என்றால், நடுவில் எவ்வளவு தூங்கினாலும் அது பதினைந்து மணி நேரம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வேலை நேரத்தை எட்டு மணியாகவும், இடைவேளை உட்பட மொத்த விரிவைப் பன்னிரண்டு மணியாகவும் வகுத்திருந்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கான சட்டம் அது என்றாலும், மனிதன் தாங்கும் அளவு ஆள் கணக்கைப் பார்த்து மாறுவதில்லை அல்லவா?

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது மொத்தத் தொகையைவிட அதன் அமைப்புதான். டீசல் நான்கில் ஒரு பங்கு. டயரையும் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. மீதமெல்லாம் வண்டியில் இருபது பேர் ஏறினாலும் இருவர் ஏறினாலும், ஏன், வண்டி கிளம்பாமல் நின்றாலும் ஆகும் செலவு. செலவு மாதம் முழுதும் ஒரே சீராக இருக்க, வரவு மட்டும் ஏறுபவரின் மனநிலையைப் பொறுத்து ஆடினால் எந்தப் பொருளாளராலும் தாக்குப்பிடிக்க முடியாது. நாங்கள் முதல் முறை செய்த பிழையும் அதுதான். மஞ்சள் அட்டையில் கூப்பன் அச்சடித்து, பயணத்துக்கு ஒன்று கிழித்தோம். அதுவும் தனித்தனிக் கட்டணம்தான், சட்டப்படி சரியில்லை என்பது அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஏறியவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். ஏப்ரல் இறுதியில் தேர்வு முடிந்தது. மே மாதம் முழுவதும் 7.45 நடையில் நான்கு பேர் உட்கார்ந்து போனார்கள். ஜூன் பத்தாம் தேதி வேன்காரருக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. கிழிக்காத கூப்பன் கட்டு ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஆகவே காலி இருக்கைக்கு யார் பணம் கொடுப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். தவறாமல் பயணம் செய்பவர்கள் அறுபது பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுச் செலவையும் அவர்கள் மீதே போட்டால் ஆளுக்கு மாதம் 2,100 ரூபாய். ஒரு பயணத்துக்கு 42 ரூபாய் ஆகிறது. மாநகரப் பேருந்தில் நாள் முழுதும் எங்கும் போய்வரும் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸோடு ஒப்பிட்டுப் பத்துப் பேர் விலகுவார்கள். மீதி ஐம்பது பேருக்கு அது 2,520 ஆகும். அதைக் கண்டு மேலும் பத்துப் பேர் பைக்கை எடுப்பார்கள். இப்படியே கரைந்து நின்றுபோகும். மாறாக, வீட்டுக்கு 200 ரூபாய் பொதுப் பங்கு என்று வைத்தால் 300 வீட்டுக்கு 60,000. மீதி 66,000 ரூபாயை அறுபது பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 1,100, ஒரு பயணத்துக்கு 22 ரூபாய். நீங்கள் முதலில் நினைத்த 20 ரூபாய்க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம், பாருங்கள். வந்த வழிதான் வேறு.

‘நான் ரயிலிலேயே போவதில்லை, எனக்கு எதற்கு 200 ரூபாய்?’ என்று ஒருவர் எழுந்திருப்பார். தரைத்தளத்து வீட்டுக்காரர் லிஃப்ட் பராமரிப்புக்குப் பணம் கொடுக்க மறுக்கும் அதே வாதம்தான் இது. சென்னையில் இந்த வாதத்தைக் கேட்காத அடுக்ககம் இருக்காது. எங்கள் சங்கத்தில் அப்படி எழுந்தவருக்கு நான் சொன்ன பதில் இது: ரயில் நிலையத்துக்கு வண்டி இருக்கிறது என்ற ஒரு வரி, வீட்டை வாடகைக்கு விடும்போதும் விற்கும்போதும் அவருக்கும் பயன்படும், வாசலில் நிற்கும் பைக்குகளில் நாற்பது குறைந்தால் நிறுத்துமிடச் சண்டையும் அந்த அளவுக்குக் குறையும். அவர் சமாதானம் ஆகவில்லை, ஆனால் வாக்களித்தார். பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் இந்தப் பங்கை ஒருபோதும் வசூலிக்கத் தொடங்காதீர்கள்.

இந்த 200 ரூபாயைப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்க்கும்போது ஜி.எஸ்.டி. எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாய் வரையிலான பராமரிப்புக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019-இல் வந்த சுற்றறிக்கை சொன்னது. தாண்டிய பகுதிக்கு மட்டும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. உங்கள் கட்டணம் 3,000, 4,000 என்ற அளவில் இருந்தால் கவலையில்லை. 7,400-இல் நின்றுகொண்டு 200 கூட்டுவதாக இருந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘வேன் விட்டால் ஏறுவீர்களா?’ என்று படிவம் கொடுத்துக் கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்றுதான் எழுதுவார்கள். ஒரு வாரம் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை வாசலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, யார், எத்தனை மணிக்கு, எதில் வெளியேறுகிறார்கள் என்று குறிக்கட்டும். எங்கள் காவலாளி தன் பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் கோடு கிழித்து எண்ணித் தந்தார். 7.05-க்கும் 7.20-க்கும் இடையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நின்றதைப் பார்த்துத்தான் இரண்டாவது நடையை 7.00 மணியிலிருந்து 7.10-க்கு மாற்றினோம். பிறகு, ஏறுவதாகச் சொல்பவர்களிடம் மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். அதைக் கொடுப்பவர்கள்தான் பயணிகள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: தவறிய ஒவ்வொரு நடைக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமான ஒவ்வொரு நடைக்கும் இவ்வளவு பிடித்தம் என்று எழுதுங்கள். கூடவே, மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் சங்கம் பணம் தரும் என்றும் எழுதுங்கள். முதல் வரியை எழுதும் சங்கங்கள் இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

கேள்வி: பெருங்குடியில் ஒரே கட்டடத்தில் மூன்று சிறு நிறுவனங்கள் இருக்கிறோம். பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வரை ஊழியர்களுக்குக் கூட்டாக ஒரு வண்டி வைக்க விரும்புகிறோம். செலவை எப்படிப் பிரிப்பது? இதை சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவாகக் காட்ட முடியுமா? (மனிதவள அலுவலர், பெருங்குடி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முடியாது என்பதே பதில். சொந்த ஊழியர்களுக்குப் பயன் தரும் செலவு சி.எஸ்.ஆர். ஆகாது என்று அதற்கான விதிகளே கூறுகின்றன. மேலும், நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி லாபம் ஆகிய அளவுகளில் ஒன்றையேனும் எட்டியவர்களுக்கானது. சிறு நிறுவனம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நிறுவனம் செய்துதரும் போக்குவரத்து வசதி ஊழியரின் சம்பளத்தில் சலுகையாகச் சேர்த்து வரி விதிக்கப்படுவதில்லை. அவருக்குப் போக்குவரத்துப் படி கொடுப்பதைவிட வண்டி வைப்பது அந்த வகையில் மேல்.

பங்கீட்டை, உட்கார்ந்த இருக்கைக்கு அல்லாமல் பதிவு செய்த இருக்கைக்குச் செய்யுங்கள். ஒரு நிறுவனம் பத்து இருக்கை கேட்டால், வீட்டிலிருந்தே வேலை என்று ஊழியர்கள் வராத வெள்ளிக்கிழமைகளிலும் பத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். மூன்று நிறுவனங்களின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்; ஒருவர் எடுத்து மற்ற இருவருக்கு இருக்கை விற்பதாக அமைந்துவிடக் கூடாது. பங்கு மாற்றம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே என்று வையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருமுனைப் பள்ளியின் பேருந்துகள் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை சும்மா நிற்கின்றன. அவற்றைக் குடியிருப்புக்கு வாடகைக்குக் கேட்கலாமா? (வாசகர், சிட்லபாக்கம்)

பதில்: கேட்க வேண்டாம். கல்வி நிறுவனப் பேருந்து என்று பதிவான வண்டி, மாணவர்களையும் ஊழியர்களையும் அந்த நிறுவனத்தின் செயல்பாடுகளுக்காக ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே. அதற்குக் கிடைக்கும் சலுகைகளும் அந்த நிபந்தனையோடு சேர்ந்தவைதான். உங்களுக்காகப் பள்ளி தன் பெர்மிட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அதோடு, உங்களுக்கு வண்டி வேண்டிய காலை ஏழு மணிக்கு அது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஐயா, நான் இரண்டு வேன் வைத்துக் கம்பெனிகளுக்கு ஓட்டுகிறேன். மினி பஸ் பெர்மிட் எடுத்து ஓட்டினால் லாபம் உண்டா? (வேன் உரிமையாளர், குன்றத்தூர்)

பதில்: தமிழ்நாட்டில் தனியார் மினி பஸ் திட்டம் 1997-இல் தொடங்கியது. அதைத் திருத்தி அமைத்த புதிய திட்டத்தை முதலமைச்சர் 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார். இதன்படி தடத்தின் நீளம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தடத்தின் பெரும்பகுதி வேறு பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் சென்னையை ஒட்டிய பகுதிகளில் கழுத்தைப் பிடிக்கும். பேருந்தே போகாத சாலையில் ஆள் குறைவு. ஆள் நிறைந்த சாலையில் ஏற்கெனவே பேருந்து ஓடுகிறது. இடையில் கிடைக்கும் நல்ல தடம் எது என்பது உங்களைப் போல் தினமும் அந்தச் சாலைகளில் ஓடுபவர்களுக்குத்தான் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட தடங்களின் பட்டியலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிப் பாருங்கள்.

லாபம் பற்றிக் கேட்டால், உங்கள் இரண்டு வேன்களையும் கம்பெனி ஒப்பந்தத்திலேயே விட்டுவையுங்கள் என்பேன். கம்பெனி மாதத் தொகை தருகிறது. காலி இருக்கையின் சுமை அவர்களுடையது. மினி பஸ்ஸில் அந்தச் சுமை முழுதும் உங்களுடையது. கட்டணத்தை உயர்த்தும் உரிமையும் உங்களிடம் இல்லை, அது அரசின் கையில். மூன்றாவது வண்டி வாங்கும் தெம்பு வந்த பிறகு அதை மட்டும் தடத்தில் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெரும்பாக்கத்தின் உட்தெருக்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகமே சிற்றுந்து விட்டால் என்ன? எதற்கு மக்கள் கைக்காசு போட்டு வேன் ஓட்ட வேண்டும்? (வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: நியாயமான கோபம். 2013 அக்டோபரில் சென்னையில் சிற்றுந்துகள் வந்தபோது பெரிய பேருந்து நுழைய முடியாத தெருக்களில் அவை நுழைந்தன. ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் தட எண்கள் பலருக்கு நினைவிருக்கும். அவை ஏன் தெருவுக்குத் தெரு பெருகவில்லை என்பதற்கு விடை, முதல் பதிலில் போட்ட அதே கணக்கில் இருக்கிறது. சிற்றுந்துக்கும் ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் வேண்டும். அவர்களின் சம்பளம் பெரிய பேருந்தில் வேலை பார்ப்பவர்களின் சம்பளமேதான். இருக்கையோ ஏறத்தாழ பாதி. ஆகவே ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு சிறிய வண்டியில்தான் அதிகம். சின்ன வண்டி என்றால் சின்னச் செலவு என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர் இது. போதாததற்கு, சாதாரணப் பேருந்தின் தொடக்கக் கட்டணம் சென்னையில் ஐந்து ரூபாய். உட்தெருத் தடங்களில் பெரும்பாலோர் அந்த முதல் ஸ்டேஜிலேயே இறங்கிவிடுவார்கள்.

அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேருந்து என்பது லாபத்துக்காக மட்டும் ஓடுவதன்று. 2021 மே மாதம் முதல் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் இருப்பதும், அந்தச் செலவை அரசு ஏற்றுக்கொள்வதும் அந்த எண்ணத்தில்தான். இன்னொரு முறையும் இப்போது பழக்கத்துக்கு வந்துவிட்டது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியும் டிரைவரும் தனியார் நிறுவனத்துடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. கண்டக்டரும் டிக்கெட் வசூலும் கழகத்துடையவை. காலி இருக்கையின் இழப்பைப் பொதுப்பணம் தாங்க, ஓட்டுபவர் நேரத்துக்கு ஓட்டுவதில் மட்டும் கவனம் செலுத்தும் ஏற்பாடு இது. உட்தெருச் சிற்றுந்துகளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும் என்பது என் எண்ணம்.

கோரிக்கையை வெறும் கையெழுத்துத் தாளாகக் கொடுக்காதீர்கள். எந்தத் தெருமுனையில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி, அந்தப் பட்டியலோடு பணிமனைக் கிளை மேலாளரிடமும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திடமும் கொடுங்கள். தெருவின் அகலத்தையும், வண்டி திரும்ப இடம் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். திரும்ப இடமில்லை என்ற ஒரே வரியில் கோப்பு மூடப்படுவது உண்டு.

கேள்வி: டீசல் வேனுக்குப் பதில் மின்சார வேன் எடுக்கலாமா? (வாசகர், வேங்கைவாசல்)

பதில்: நாளுக்கு 120 கிலோமீட்டர், அதுவும் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை ஓய்வு என்ற ஓட்டத்துக்கு மின்சார வண்டி நன்றாகவே பொருந்தும், பகலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். மின்கலத்தில் ஓடும் வணிக வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே விலக்கு அளித்திருக்கிறது. அதை நம்பி ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு அந்த விலக்கு எப்படிப் பொருந்தும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் செய்யும் இடத்துக்குத் தனி மீட்டர் வையுங்கள். வண்டி விலை கூடுதல் என்பதால் நான் சொன்ன நிலையான செலவு இன்னும் ஏறும், எரிபொருள் செலவு இறங்கும். எனவே நிறைய ஓடினால்தான் இது கட்டுப்படியாகும். நான்கு நடை மட்டும் ஓட்டுவதாக இருந்தால் பழைய டீசல் வேனே போதும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வேன் ஓடுகிறது. ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். எங்களைப் போன்ற வயதானவர்களுக்குப் பகலில் ஒரு நடை விடச் சொன்னால், செலவு அதிகம் என்கிறார்கள். வண்டி சும்மாதானே நிற்கிறது? (71 வயது வாசகி, சேலையூர்)

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வண்டிக்கான தவணையும் காப்பீடும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பகல் நடைக்குக் கூடுதலாக ஆவது டீசலும் டிரைவரின் இரண்டு மணி நேரமும்தான். ஏழு கிலோமீட்டர் போய்வர, மேலே உள்ள கணக்குப்படி, டீசல் 150 ரூபாய்க்குள் அடங்கும். சிக்கல் டிரைவரிடம்தான். காலை டிரைவர் ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுகிறார். மாலை டிரைவர் ஐந்துக்குத்தான் வருகிறார். தினமும் வேண்டும் என்று கேட்டால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டும், சங்கம் மறுக்கத்தான் செய்யும்.

வாரத்தில் இரண்டு நாள் கேளுங்கள். நாங்கள் செவ்வாயும் வெள்ளியும் வைத்தோம். காலை டிரைவரே பதினொன்றரை வரை இருந்து, தனியாகப் பேட்டா வாங்கிக்கொண்டு ஓட்டினார். பத்து மணிக்குக் கிளம்பி, வங்கி, மருந்துக் கடை, சந்தை என்று மூன்றே இடம்; பதினொன்றே காலுக்குத் திரும்பி வரும். முதல் வாரம் ஐந்து பேர். வேனின் படி உயரம் என்று இருவர் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள். டிரைவர் தன் வீட்டிலிருந்து ஒரு மரப்பலகை கொண்டுவந்து பின் இருக்கைக்கு அடியில் வைத்தார். நின்ற இடத்திலெல்லாம் அதை எடுத்துக் கீழே போட்டார். அடுத்த மாதம் பதினான்கு பேர் ஆனார்கள். உங்கள் சங்கத்திடம் நடை கேட்கும்போது அந்தப் பலகையையும் சேர்த்துக் கேளுங்கள்.